சுருங்கிய டாங்கியும் சுருங்காத மண்ணும்

பள்ளிகளில் நடைபெறும் அறிவியல் கண்காட்சிகளில் மாதிரிகளுக்கு என்றுமே குறைவில்லை. அணை, பாலம், கப்பல், ராக்கெட், பீரங்கி வண்டி என்று அட்டையிலும் மரத்திலும் மாணவர்கள் செய்து வைப்பவற்றைக் கண்டு மகிழ்கிறோம். "அசலைப் போலவே இருக்கிறதே!" என்று பாராட்டவும் செய்கிறோம். ஆனால் எந்த வகையில் அது அசலைப் போல இருக்கிறது என்று கேட்பவர் சிலரே. உருவத்தில் அசலை ஒத்திருக்கும் மாதிரி, எடையிலும் வலிமையிலும் அழுத்தத்திலும் அசலை ஒத்திருக்குமா?

இக்கேள்விக்கு விடை காண, நம் தமிழ்நாட்டிலேயே உருவான ஒரு கவச வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மாதிரியை நாமே செய்வோம். பின்னர் அதனை இரு வகை மண்ணில் நிறுத்தி, அது எங்கே உண்மை சொல்கிறது, எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்று காண்போம்.

ஆவடியில் உருவான பிரிட்டிஷ் வண்டி

டாங்கி என்னும் போர்க் கருவியை முதன்முதலில் போர்க்களத்தில் இறக்கியவர்கள் பிரிட்டிஷார். முதல் உலகப் போரின்போது, 1916 செப்டம்பர் 15-ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் போர்முனையில் அது தோன்றியது. ரகசியம் வெளியே தெரியாதிருக்கும் பொருட்டு, தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும் 'டாங்க்' என்ற பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. குண்டுகளால் குழியும் சேறுமாகிக் கிடந்த நிலத்தில் சக்கர வண்டிகள் புதைந்தன. சக்கரத்துக்குப் பதிலாக நீண்ட இரும்புப் பட்டையின்மேல் ஊரும் வண்டியால் அதனைக் கடக்க முடிந்தது. ஆகவே டாங்கி சேற்றை வெல்வதற்காகப் பிறந்தது எனலாம்.

இந்தியா தன் சொந்த மண்ணில் டாங்கிகளைச் செய்ய முடிவு செய்தபோது, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் 1961-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்நிறுவனம் வரைந்த வண்டியைச் சென்னையை அடுத்த ஆவடியில் தயாரிப்பதென்று தீர்மானமாயிற்று. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி 1965-இல் வெளிவந்தது. அதற்கு 'விஜயந்தா' என்று பெயர். 1971-ஆம் ஆண்டுப் போரில் அது பங்கு கொண்டது. 1980-களின் முற்பகுதி வரை 2,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கே உருவாயின. பிறகு அவை படிப்படியாக ஓய்வு பெற்றன. இன்று நாட்டின் பல ஊர்களில் நினைவுச் சின்னங்களாக மேடைமேல் நிற்பவற்றுள் விஜயந்தாக்களும் உண்டு. ஆவடியில் பின்னர் டி-72, டி-90, அர்ஜுன் ஆகிய டாங்கிகளும் தயாராயின.

மாதிரி செய்பவருக்கு விஜயந்தா மிகவும் ஏற்ற வண்டி. சில டாங்கிகளின் சுழல் கோபுரம், இரும்பை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்படுவதால், குடம் போல உருண்டு வளைந்திருக்கும். அட்டையில் அவ்வடிவத்தைக் கொண்டுவருவது கடினம். விஜயந்தாவோ தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டி, ஒன்றோடொன்று பற்றவைத்துச் செய்யப்பட்டது. எஃகுத் தகட்டில் ஆவடித் தொழிலாளி செய்ததை, அட்டையில் கத்தரியும் பசையும் கொண்டு நாம் செய்துவிடலாம்.

அளவு விகிதம்

கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் டாங்கி மாதிரிகள் பெரும்பாலும் 35-இல் ஒரு பங்கு அளவில் இருக்கும். இந்த எண் ஏதோ கணிதக் காரணத்தால் வந்ததன்று. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ஒரு ஜெர்மன் டாங்கியின் மாதிரியைச் செய்தபோது, உள்ளே மின்கலமும் மோட்டாரும் அடங்குவதற்கு வேண்டிய இடத்தைப் பார்த்து உடலின் அளவை முடிவு செய்தது. அது 35-இல் ஒரு பங்காக அமைந்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள்.

நாம் எளிய கணக்குக்காக 20-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அசலில் 20 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. ஆகும். விஜயந்தாவின் முக்கிய அளவுகளும், அவற்றுக்கேற்ற மாதிரி அளவுகளும் வருமாறு:

உடற்பகுதியின் நீளம்: 7.92 மீட்டர் — 39.6 செ.மீ.
அகலம்: 3.17 மீட்டர் — 15.9 செ.மீ.
உயரம்: 2.71 மீட்டர் — 13.6 செ.மீ.
ஒரு சங்கிலிப் பட்டையின் அகலம்: 52 செ.மீ. — 2.6 செ.மீ.
பட்டை நிலத்தில் படியும் நீளம்: 4.28 மீட்டர் — 21.4 செ.மீ.
பீரங்கிக் குழலின் உள்விட்டம்: 105 மி.மீ. — 5.25 மி.மீ.
கவசத்தின் மிகத் தடித்த பகுதி: 80 மி.மீ. — 4 மி.மீ.

மாதிரி செய்யும் முறை

முதலில் பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், முன் தோற்றம் ஆகிய மூன்றையும் கட்டமிட்ட தாளில் வரைந்துகொள்ளுங்கள். நினைவுச் சின்னமாக நிற்கும் வண்டியை நேரில் காண வாய்ப்பிருந்தால், நேர் பக்கத்தில் நின்று எடுத்த நிழற்படம் பெரிதும் உதவும். சாய்வாக எடுத்த படத்திலிருந்து அளவெடுத்தால் நீளம் குறைந்து காட்டும்.

நோட்டுப் புத்தகத்தின் கெட்டி அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, 4 மி.மீ. தடிப்பு வரும்வரை அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஓரிரவு காயவிடுங்கள். இதுவே நம் கவசத் தகடு. அடித்தளத்தையும் இரு பக்கங்களையும் இதில் வெட்டி, ஃபெவிகால் போன்ற பசையால் பெட்டி போல் ஒட்ட வேண்டும். முன்பக்கத் தகடு செங்குத்தாக இராமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதன் சாய்வைப் பாகைமானியால் அளந்து அப்படியே வைப்பது முக்கியம். காரணம் பின்னர் விளங்கும்.

வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு சாலைச் சக்கரங்கள் உண்டு. ஏறக்குறைய 4 செ.மீ. விட்டமுள்ள வட்டங்களாக அட்டையிலோ மெல்லிய பலகையிலோ பன்னிரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் சக்கரத்தின் மையத்துக்கும் கடைசிச் சக்கரத்தின் மையத்துக்கும் உள்ள தூரம் 21.4 செ.மீ. இருக்கட்டும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து 2.6 செ.மீ. அகலத்துக்கு நறுக்கிய ரப்பர் நாடா, நல்ல சங்கிலிப் பட்டையாக அமையும். அதன்மேல் தீக்குச்சித் துண்டுகளை நெருக்கமாகக் குறுக்கே ஒட்டினால் பட்டையின் கண்ணிகள் போலத் தோன்றும்.

5 மி.மீ. கனமுள்ள இரும்புக் கம்பியில் தாளைச் சுற்றிச் சுற்றி ஒட்டி, காய்ந்தபின் கம்பியை உருவிவிட்டால் பீரங்கிக் குழல் கிடைக்கும். சுழல் கோபுரத்தைத் தனியே செய்து, உடலின்மேல் ஓர் ஆணியில் சுழலும்படி பொருத்துங்கள்.

வண்ணம் பூசும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூரிகையின் தடம் மாதிரியில் 1 மி.மீ. உயரம் எழுந்து நின்றால், அது அசலில் 2 செ.மீ. உயர வரப்புக்குச் சமம். ஆகவே வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பல முறை பூசுவதே நல்லது. வண்டியின் அடியில் புழுதி படிந்தது போலக் காட்ட நேரே மணலைத் தூவக்கூடாது. அரை மி.மீ. மணல் மணி, இந்த அளவில் 1 செ.மீ. கூழாங்கல்லாகிவிடும்! துணியில் சலித்த செம்மண் தூளே ஏற்றது. வண்டியைச் சுருக்கினோம், மணல் மணி சுருங்கவில்லை. இச்சிறு செய்தியை நினைவில் வையுங்கள். இனி வரப்போகும் பெரிய செய்தி இதன் தொடர்ச்சியே.

எது எவ்வளவு சுருங்குகிறது?

முடிந்த மாதிரி மேசைமேல் நிற்கிறது. இப்போது கணக்குப் பார்ப்போம்.

நீளம், அகலம், உயரம் ஆகியன ஒவ்வொன்றும் 20-இல் ஒரு பங்காயின. ஆனால் பரப்பு என்பது நீளத்தை அகலத்தால் பெருக்கிக் கிடைப்பது. ஆகவே அது 20 × 20, அதாவது 400-இல் ஒரு பங்காகிறது. பருமனுக்கு மூன்று அளவுகளையும் பெருக்க வேண்டும். ஆதலால் அது 20 × 20 × 20, அதாவது 8,000-இல் ஒரு பங்காகிறது. அதே பொருளால் செய்திருந்தால் எடையும் பருமனைப் பின்பற்றி 8,000-இல் ஒரு பங்காகும்.

கோணம் மட்டும் சுருங்குவதே இல்லை. 60 பாகைச் சாய்வு மாதிரியிலும் 60 பாகையே. செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைத்த தகட்டை நேர்முன்னால் வரும் குண்டு துளைக்க வேண்டுமானால், அத்தகட்டின் தடிப்பைப்போல் இரு மடங்கு தூரம் எஃகினுள் செல்ல வேண்டும். டாங்கியின் முன் தகட்டைச் சாய்த்து வைப்பதன் நோக்கங்களுள் இது முதன்மையானது. மாதிரியின் தகட்டில் கிடைமட்டமாக ஓர் ஊசியைச் செருகி அளந்தாலும் அதே இரு மடங்குதான் வரும். இந்த ஒரு செய்தியில் உங்கள் அட்டை வண்டி முழு உண்மை பேசுகிறது.

எடையில் அப்படியன்று. விஜயந்தாவின் எடை ஏறக்குறைய 39 டன், அதாவது 39,000 கிலோகிராம். இதனை 8,000-ஆல் வகுத்தால் 4.9 கிலோகிராம் வருகிறது. எஃகைக் கொண்டே ஒவ்வோர் உறுப்பையும் சுருக்கிச் செய்தால் நம் மாதிரி இந்த எடை இருக்கும். அட்டையில் செய்ததாகையால் முக்கால் கிலோ இருந்தாலே அதிகம்.

உடல் பெரிதாகப் பெரிதாக எடை பரப்பைக் காட்டிலும் விரைவாகக் கூடுகிறது என்னும் இவ்வுண்மையைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பெரிய விலங்கின் எலும்பு, சிறிய விலங்கின் எலும்பை அப்படியே பெருக்கியது போலிராமல், விகிதத்துக்கு மீறித் தடித்திருப்பது இதனாலேயே. எறும்பு தன்னைவிடப் பன்மடங்கு கனமான பொருளைத் தூக்குவதும், யானையால் அவ்வாறு தூக்க முடியாததும் இக்கணக்கின் விளைவுதான்.

நிலத்தின்மீது அழுத்தம்

டாங்கியின் பயனை முடிவு செய்யும் எண்களுள் ஒன்று, அது நிலத்தின்மீது செலுத்தும் அழுத்தம். எடையை, நிலத்தில் படியும் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும்.

விஜயந்தாவின் ஒரு பட்டை நிலத்தில் படியும் பரப்பு 428 × 52 சதுர செ.மீ. இரு பட்டைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 44,500 சதுர செ.மீ. ஆகவே 39,000 கிலோவை இதனால் வகுக்க, சதுர செ.மீ.க்கு 0.88 கிலோ வருகிறது.

இந்த எண்ணை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, ஒரு காலை ஊன்றிய கணத்தில், உள்ளங்காலின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ. என்று கொண்டால், அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ. காற்றடைத்த டயர், தன்னுள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒத்த அழுத்தத்தையே தரையில் செலுத்தும். சைக்கிள் டயரில் இது 3 கிலோ அளவில் இருக்கும். சுமை லாரியில் 7 கிலோ வரை போகும். 39 டன் டாங்கி ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் சைக்கிளைக் காட்டிலும் மெதுவாக அழுத்துகிறது! பட்டையின் பெருமை இதுவே. ஆயினும் நடந்து போகும் மனிதனைப்போல் மூன்று மடங்கு அழுத்துகிறது என்பதையும் மறக்கலாகாது. மேலும் இது சராசரி. சாலைச் சக்கரங்களுக்கு நேர்கீழே அழுத்தம் இதனினும் கூடும்.

இந்த மூன்று மடங்கு எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1965 செப்டம்பரில் பஞ்சாப் மாநிலத்தின் அசல் உத்தர் என்னும் இடத்தில் நடந்த போரில், இந்தியப் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சிச் சேறாக்கினர். எதிர்த்து வந்த பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் பல அந்தச் சேற்றில் சிக்கித் திணறின. மனிதர்கள் நடந்து செல்லக்கூடிய வயல், டாங்கிக்குப் புதைகுழியாயிற்று. நிலம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கில் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உயிர் அடங்கியிருக்கிறது.

ஒரே கடற்கரை, இரு மண்

இனி நம் மாதிரியை நிலத்தில் நிறுத்திப் பார்க்கலாம். இதற்குப் பொருத்தமான இடம் புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பெரிய முதலியார்சாவடி. சாலைக்குக் கிழக்கே சற்று நடந்தால் கடற்கரை மணல். அதே சாலையில் வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். அங்கே தரை களிமண். ஒரே கரையில், ஒரு மணி நேரப் பயணத்துக்குள், முற்றிலும் மாறான இரு மண் வகைகள் கிடைக்கின்றன.

மண்ணின் வலிமை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, துகளோடு துகள் உராய்வதால் வருவது. மற்றொன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் வருவது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியவர் பிரான்சின் சார்ல்ஸ் கூலும். 1773-இல் அவர் இதனை ஆராய்ந்தார். மின்னூட்டங்களின் விசையைப் பற்றிய விதியில் நாம் படிக்கும் அதே கூலும்தான்! பொறியாளரான அவர் முதலில் மண்ணையும் சுவரையும் ஆராய்ந்து, பிறகே மின்சாரத்துக்கு வந்தார்.

உலர்ந்த கடல் மணலில் இருப்பது உராய்வு வலிமை மட்டுமே. மேலே கிடக்கும் மணியை வாயால் ஊதினாலும் பறந்துவிடும். ஆழத்தில் உள்ள மணியின்மேல் மற்ற மணிகளின் எடை அழுத்துவதால், அது எளிதில் நகராது. ஆகவே மணலின் வலிமை ஆழம் கூடக் கூடக் கூடுகிறது. ஒரு பொருளை மணலில் அழுத்தினால், அது தன் அகலத்துக்கு ஏற்ற ஆழம் வரையில் மணலைக் கலைக்கும். 52 செ.மீ. அகலமுள்ள அசல் பட்டை, அரை மீட்டர் அளவு ஆழத்தில் உள்ள வலிய மணலையும் எதிர்க்க வேண்டும். 2.6 செ.மீ. அகலமுள்ள மாதிரிப் பட்டையோ மேலே உள்ள வலுவற்ற மணலை மட்டுமே கலைக்கிறது. ஆகவே மாதிரிக்கு மணல் காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகிவிடுகிறது.

மாதிரி செலுத்தும் அழுத்தம் எவ்வளவு? 4.9 கிலோ எடையை ஏற்றிவைத்தால், படியும் பரப்பு 111 சதுர செ.மீ. ஆகையால், சதுர செ.மீ.க்கு 0.044 கிலோ. இது 0.88-இல் சரியாக 20-இல் ஒரு பங்கு! வண்டியின் அழுத்தமும் 20-இல் ஒரு பங்கு, மணலின் எதிர்ப்பும் 20-இல் ஒரு பங்கு. எனவே உலர்ந்த மணலில் 4.9 கிலோ மாதிரி 2 மி.மீ. புதைந்தால், அசல் ஏறத்தாழ 4 செ.மீ. புதையும் என்று சொல்லலாம். முதலியார்சாவடி மணலில் மாதிரி உண்மைக்கு மிக அருகில் பேசுகிறது.

உப்பளக் களியில் நிலைமை வேறு. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை, 0.002 மி.மீ.க்கும் சிறியவை. அவற்றைச் சூழ்ந்துள்ள நீரோடு சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் கீழே கசிந்து போகாமல் தேங்கி, வெயிலில் வற்றி உப்பாகப் பூப்பதற்கு இந்த மண்ணே காரணம். ஈரக் களியின் ஒட்டு வலிமை, மேலே எவ்வளவு மண் அழுத்துகிறது என்பதைப் பொறுத்ததன்று. அகலப் பட்டைக்கும் குறுகிய பட்டைக்கும் ஒரு சதுர செ.மீ.க்கு அது காட்டும் எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றே. வண்டி சுருங்கியது, களி சுருங்கவில்லை!

எடுத்துக்காட்டாக, சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ வரை தாங்கும் களித்தரை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். உப்பளத் தொழிலாளி தலையில் சுமை இல்லாமல் அதன்மேல் நடக்கலாம். அவர் அழுத்தம் 0.3 கிலோதான். நம் மாதிரி 0.044 கிலோ அழுத்தத்தோடு தடம்கூடப் பதிக்காமல் நிற்கும். இதைப் பார்த்து, "அசல் டாங்கியும் இங்கே போகும்" என்று ஒருவர் முடிவு செய்தால் என்னாகும்? 0.88 கிலோ அழுத்தத்தோடு வரும் 39 டன் வண்டி, அடிவயிறு தரையைத் தொடும்வரை அமிழ்ந்துவிடும். மாதிரி இங்கே 20 மடங்கு பொய் சொல்கிறது. அதுவும் ஆபத்தை மறைக்கும் திசையில் சொல்கிறது.

அலையோரத்து ஈர மணலிலும் எச்சரிக்கை வேண்டும். மணிகளுக்கிடையே உள்ள மெல்லிய நீர், அவற்றைச் சேர்த்து இழுத்துப் பிடிப்பதால்தான் குழந்தைகள் கட்டும் மணல் வீடு நிற்கிறது. சிறிய மாதிரிக்கு இந்தப் பிடிப்பு பெரிய பலம். அசல் வண்டிக்கு அற்பம். ஆகவே ஈர மணலும் களியைப் போலவே ஏமாற்றும்.

மாதிரியைக் கனமாக்க ஒரு வழி

களியில் மாதிரி உண்மை பேச வேண்டுமானால் அதன் அழுத்தமும் 0.88 கிலோவாக வேண்டும். அதற்கு 111 சதுர செ.மீ. பரப்பின்மேல் எவ்வளவு எடை வேண்டும்? 97.5 கிலோ! நன்றாக வளர்ந்த ஓர் ஆளைவிடக் கனமான சுமையை அட்டை வண்டியின்மேல் ஏற்ற வேண்டும். வண்டி நசுங்கிப் போகும். இரும்பில் செய்தாலும், மண்ணின் எடை அப்படியே இருப்பதால், ஆழத்தில் மணலும் களியும் கலந்த இயற்கை நிலங்களுக்கு அது முழு விடையாகாது.

பொறியாளர்கள் இதற்கு ஓர் அழகிய வழி கண்டிருக்கிறார்கள். 4.9 கிலோவை 20-ஆல் பெருக்கினால் 97.5 கிலோ வருவதைக் கவனித்தீர்களா? புவியீர்ப்பு 20 மடங்காகிவிட்டால், மாதிரி தானே அந்த எடையைப் பெற்றுவிடும். புவியீர்ப்பைக் கூட்ட நம்மால் முடியாது. ஆனால் கயிற்றில் கட்டிச் சுழற்றும் வாளியில் நீர் சிந்தாமல் அடியோடு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதே முறையில், மண் நிரப்பிய பெட்டியையும் அதன்மேல் உள்ள மாதிரியையும் நீண்ட கையின் முனையில் வைத்து வேகமாகச் சுழற்றினால், வண்டி மட்டுமன்றி ஒவ்வொரு மண் துகளும் 20 மடங்கு கனக்கும். மணலானாலும் களியானாலும், உள்ளே நிலவும் அழுத்தங்கள் அசல் நிலத்தில் உள்ளவை போலவே ஆகிவிடும்.

பம்பாய் ஐ.ஐ.டி.யில் 4.5 மீட்டர் ஆரமுள்ள இத்தகைய சுழற்பொறி இருக்கிறது. அந்த ஆரத்தில் 20 மடங்கு ஈர்ப்பைப் பெற நிமிடத்துக்கு 63 சுற்றுகள் போதும் என்று கணக்கிடலாம். டாங்கிகளுக்கு மட்டுமா இது பயன்படுகிறது? அணைக் கரைகள், கட்டட அடித்தளங்கள், மண் சரிவுகள் ஆகியவற்றின் மாதிரிகளை இவ்வகைப் பொறிகளில் வைத்துச் சுழற்றிச் சோதிக்கிறார்கள்.

வயலிலும் இதே கணக்கு

போர்க்களத்துக்கென்று பிறந்த பட்டை, இன்று நம் வயலுக்கும் வந்துவிட்டது. நெல் அறுவடை இயந்திரங்களில் டயர் வண்டி, பெல்ட் வண்டி என இரு வகை இருப்பதை உழவர்கள் அறிவார்கள். மழை பெய்து வயல் ஈரமாக இருக்கும்போது டயர் வண்டி இறங்கினால் புதையும். பெல்ட் வண்டிக்குத்தான் ஆள் தேடுவார்கள். ஏரியைத் தூர் வாரும் இயந்திரங்களும் பட்டையின்மேலேயே நகர்கின்றன. அறுவடை நாளில் வண்டி சேற்றில் சிக்கினால் ஓர் உழவனின் ஆண்டு உழைப்பு அங்கே முளைவிடும். ஆகவே எடையைப் பரப்பால் வகுக்கும் இச்சிறு கணக்கு, படை வீரனுக்கு எவ்வளவு முக்கியமோ உழவனுக்கும் அவ்வளவு முக்கியம்.

மாதிரி செய்வது வெறும் பொழுதுபோக்கன்று. அது ஒரு கேள்வி கேட்கும் முறை. எந்த மாதிரியைப் பார்த்தாலும், "இது எதில் அசலை ஒத்திருக்கிறது? எதில் ஒத்திருக்கவில்லை?" என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். கோணத்தில் உண்மை, நீளத்தில் உண்மை, உலர்ந்த மணலில் ஏறத்தாழ உண்மை, களியில் பொய். இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டு செய்த மாதிரியே அறிவியல் மாதிரி. கண்காட்சியில் உங்கள் விஜயந்தாவின் அருகே இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதி வையுங்கள்.

செய்து பாருங்கள்

1. 21.4 செ.மீ. நீளமும் 2.6 செ.மீ. அகலமும் உள்ள இரு மரச்சட்டங்களை ஒரு பலகையின் அடியில் இணையாக அடியுங்கள். இதுவே மாதிரியின் பாதம். உலர்ந்த மணல்மேல் அதனை வைத்து, மேலே 1 லிட்டர் நீர் நிரப்பிய பாட்டில்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஏறத்தாழ 1 கிலோ. பலகையின் எடையையும் சேர்த்து 5 கிலோ ஆனதும் எவ்வளவு புதைந்தது என்று அளவுகோலால் அளந்து குறியுங்கள்.

2. ஒரு வாளியில் ஈரக் களியை நன்றாக மிதித்து நிரப்புங்கள். 2.6 செ.மீ. பக்கமுள்ள சிறு மரச் சதுரக் கட்டையை அதன்மேல் நிறுத்தி, 300 கிராம் எடை ஏற்றுங்கள். மாதிரியின் அழுத்தம் இது. பிறகு எடையை 6 கிலோ வரை கூட்டுங்கள். அசல் டாங்கியின் அழுத்தம் இது. இரண்டிலும் கட்டை எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிடுங்கள். களியைக் கேட்டுப் பெற்று வரவேண்டும். உப்பளப் பாத்திகளின் தளம் தொழிலாளர்கள் பல நாள் மிதித்துப் பக்குவப்படுத்தியது. அதில் இறங்கிச் சோதனை செய்யலாகாது.

3. பிரிட்டனின் சாலஞ்சர்-2 டாங்கியின் எடை 62.5 டன். அதே பொருளால் 35-இல் ஒரு பங்கு அளவில் செய்தால் அதன் எடை எவ்வளவு இருக்கும்? (விடை: 62,500-ஐ 42,875-ஆல் வகுக்க, ஏறக்குறைய 1.46 கிலோ.)